உடுப்பின் எடை குறையாது

கிரான்விக்,
அக்டோபர் 19

அன்புள்ள இங்கேலா,

நான் நலம். நீயும் அங்கே மால்மோவில் நலமாக இருப்பாய் என்று நினைக்கிறேன். ‘போன் பண்ணாதே, சொல்ல ஏதாவது இருந்தால் உட்கார்ந்து எழுது’ என்று மே மாதம் ரயில் ஏறும்போது சொல்லிவிட்டுப் போனாய். சொல்ல ஒன்றும் இல்லை என்று இத்தனை நாள் சும்மா இருந்துவிட்டேன். இப்போது இருக்கிறது.

இத்தனை வருஷமாகத் தீ அழைப்புக்கு என்னை எழுப்பிய பேஜரைத் தீயணைப்பு நிலையத்தில் வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

போன செவ்வாய்க்கிழமை பயிற்சி. அந்தப் பழைய இரும்புப் பெட்டிக்குள் புகை போட்டு, மூலையில் ஒரு பொம்மையை ஒளித்து வைப்பார்களே, அதுதான். நானும் தில்டாவும் ஜோடி. பாலர் பள்ளி டீச்சர் தில்டாவை உனக்குத் தெரியும், வாய் கொஞ்சம் நீளம். நான் முன்னால் தவழ்ந்து போனேன், அவள் என் குதிகாலைப் பிடித்தபடி பின்னால் வந்தாள். பாதி தூரம்கூடப் போயிருக்க மாட்டோம், எனக்கு மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்க ஆரம்பித்துவிட்டது. பொம்மையைக் கண்டுபிடிப்பதற்கு முன்பே என் காற்று உருளை தீரப்போகிறது என்று விசில் அடித்தது. தில்டா என் தோள்வாரைப் பிடித்துத் தரதரவென்று வெளியே இழுத்து வந்தாள்.

வாசலில் ரூனே நின்றுகொண்டிருந்தான். நிலையத்துக்குத் தலைவன் ஆனதிலிருந்து அவன் வேடிக்கையாகப் பேசினாலும் யாரும் சிரிக்க முடிவதில்லை.

“டேய் ஸ்வெர்க்கர், நீ பொம்மையத் தேடப் போனியா, இல்ல நீயே பொம்மையா போனியா?” என்றான். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “கோச்சுக்காத. டெஸ்ட் பாஸ் பண்ற வரைக்கும் உனக்கு முறை வாரம் கிடையாது. பேஜரைக் குடு” என்று கை நீட்டினான்.

டெஸ்ட் உனக்குத் தெரிந்ததுதான். முழு உடுப்பு, முதுகில் காற்று உருளை, எல்லாம் சேர்ந்து இருபத்து நாலு கிலோ. மேட்டு வாக்கில் ஏற்றி வைத்த ட்ரெட்மில்லில் ஆறு நிமிஷம் நடக்க வேண்டும், கைப்பிடியைத் தொடக்கூடாது. ஜனவரிக் கடைசியில் ஒரு வாய்ப்பு, மே மாதம் இன்னொன்று. இரண்டிலும் தவறினால் என் கதை முடிந்தது. நான் இல்லையென்றால் என் முறை வாரத்தில் புகைக்குள் போக ஒரு ஜோடி குறையும். உள்ளே ஆள் மாட்டிக்கொண்டிருந்தாலும் வெளியே நின்று தண்ணீர் அடித்தபடி பக்கத்து ஊர் வண்டிக்குக் காத்திருக்க வேண்டியதுதான். அது வந்து சேர நாற்பது நிமிஷம் ஆகும்.

அதனால் எடையைக் குறைப்பது என்று முடிவு செய்துவிட்டேன். குளியலறை எடைக் கருவியை நீ எடுத்துக்கொண்டு போய்விட்டாய். வேட்டைக் குழுவின் கொட்டகையில் மூஸ் மானைத் தொங்கவிட்டு எடை பார்க்கும் கொக்கி இருக்கிறதே, அதில் கையால் தொங்கிப் பார்த்தேன். முள் நிற்பதற்குள் கை வழுக்கிவிட்டது. “தோல உரிச்சிட்டுத் தொங்கவிட்டா சரியா காட்டும்” என்று அங்கிருந்தவர்கள் சிரித்தார்கள். மூன்றாவது தடவை பார்த்ததில் நூற்றுப் பதினாலு. அதைச் சுவரில் ‘ஒன்றரை வயது மூஸ்’ என்று எழுதி வைத்திருக்கிறார்கள்.

வேறு விசேஷம் இல்லை. முதல் பனி விழுந்தது, தரையில் தங்கவில்லை.

உன்,
ஸ்வெர்க்கர்


மால்மோ,
நவம்பர் 2

அன்பு ஸ்வெர்க்கருக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உறையின் மேல் உன் கையெழுத்தைப் பார்த்ததும் ஏதோ கெட்ட செய்தி என்றுதான் நினைத்தேன். நின்றபடியே பிரித்தேன், பிறகு உட்கார்ந்து படித்தேன். இருபத்தாறு வருஷக் கல்யாண வாழ்க்கையில் நீ எனக்கு எழுதிய முதல் நீளமான கடிதம் இது. சாப்பாட்டு மேஜையில் வைத்த சீட்டுகளை நான் கணக்கில் சேர்க்கவில்லை. ‘அலாரம் வந்துவிட்டது, உருளைக்கிழங்கை இறக்கிவிடு’ என்பதெல்லாம் கடிதம் ஆகாது.

போன் ஏன் வேண்டாம் என்றேன் தெரியுமா? போனில் பேசினால் பாதியில் வைத்துவிட்டு ஓடுவாய். கடிதத்தை முடிக்காமல் யாரும் தபாலில் போட முடியாது.

எனக்கு இங்கே வேலை பிடித்திருக்கிறது. இடுப்பு எலும்பு மாற்றிக்கொண்ட கிழவர்களை நடக்க வைப்பதுதான் நாள் முழுக்க. கிரான்விக் சுகாதார நிலையத்தில் செய்த அதே பிசியோதெரபிதான், ஆனால் இங்கே நோயாளிகள் முணுமுணுப்பதற்குப் பதில் சத்தம் போட்டுத் திட்டுகிறார்கள். அது எனக்கு வசதியாக இருக்கிறது. அக்கா வீட்டு மாடி அறையில் காலை வெயில் வருகிறது. மழை நாட்கள் அதிகம், ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை நினைத்தால் நினைத்த பக்கம் போகலாம். போன வாரம் பாலம் தாண்டி டென்மார்க் போய் ஒரு காபி குடித்துவிட்டு வந்தேன். பெரிய விஷயம் இல்லைதான். ஆனால் மூன்று வாரத்துக்கு ஒரு வாரம் உன் முறை, அலாரம் வந்தால் ஐந்து நிமிஷத்தில் நீ நிலையத்தில் இருக்க வேண்டும் என்று உன்னோடு சேர்ந்து மர ஆலைப் பாலத்தைக்கூடத் தாண்டாமல் இருந்தவளுக்கு அது பெரிய விஷயம்.

ஒரு வருஷம் தனியாக இருந்து பார்க்கிறேன் என்று சொன்னேன். அந்த வருஷம் இன்னும் முடியவில்லை. இங்கே யாராவது கேட்டால், புருஷனை விட்டு வரவில்லை, அவன் பேஜரை விட்டு வந்திருக்கிறேன் என்று சொல்கிறேன். இப்போது அந்தப் பேஜர் உன்னிடமும் இல்லை என்கிறாய். படித்ததும் எனக்கு என்ன தோன்றியது என்று இப்போது எழுத மாட்டேன்.

எடையைக் குறைக்கிறேன் என்றாயே, எப்படிக் குறைக்கப் போகிறாய்? என்ன சாப்பிடுகிறாய் என்று எழுது. உன் பிடிவாதம் எனக்குத் தெரியும், அதனால்தான் கேட்கிறேன்.

அக்கா உன்னை விசாரித்தாள்.

இங்கேலா


கிரான்விக்,
ஜனவரி 6

அன்புள்ள இங்கேலா,

புத்தாண்டு வாழ்த்துகள். நீ அனுப்பிய கம்பளிக் காலுறை வந்து சேர்ந்தது. அளவு சரி. என் உடம்பில் அளவு மாறாத இடம் இப்போது பாதம் ஒன்றுதான்.

தொண்ணூற்றாறு! கொக்கியில் பார்த்தேன், முள் ஆடாமல் நின்றது. மர ஆலையில் கூட வேலை செய்கிறவர்கள் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்க்கிறார்கள். கால்சட்டை நழுவுகிறது என்று வார் போட்டுத் திரிகிறேன். கடைக்காரி பிரிட்டா, “என்ன ஸ்வெர்க்கர், உடம்புக்கு ஏதாவதா?” என்று குரலைத் தாழ்த்திக் கேட்டாள். “இல்லம்மா, நானே இறக்குறேன்” என்றேன். பெருமையாகத்தான் இருந்தது.

எப்படி என்று கேட்டாய். காலையில் கறுப்புக் காபி. மதியம் காய்ந்த ரை ரொட்டி இரண்டு துண்டு. ராத்திரி முட்டைக்கோஸ் சூப். அவ்வளவுதான். வியாழக்கிழமை பட்டாணி சூப்பும் பான்கேக்கும் நிலையத்தில் எல்லோருமாக உட்கார்ந்து சாப்பிடுவது வழக்கம், அந்தப் பக்கமே போவதில்லை. டிசம்பரில் லூசியா திருநாள் அன்றைக்குக் குங்குமப்பூ பன் தட்டு என் மூக்குக்கு முன்னாலேயே போனது, தொடவில்லை. சாயங்காலம் பனிச்சறுக்குப் பாதையில் நடந்து ஏரியைச் சுற்றி வருகிறேன். கொஞ்சம் குளிர் தாங்கவில்லை, ராத்திரி கால் நடுங்குகிறது. இளைத்தால் அப்படித்தானே இருக்கும்.

பதினெட்டு கிலோ இறங்கியிருக்கிறது. அதாவது அந்த உடுப்பின் எடையில் முக்கால்வாசியை ஏற்கெனவே இறக்கி வைத்துவிட்டேன். இனி உடுப்பைப் போட்டுக்கொண்டாலும் பழைய ஸ்வெர்க்கர் வெறும் உடம்போடு நடப்பது போலத்தான். இந்தக் கணக்கை ரூனேயிடமும் சொன்னேன். அவன் தலையை ஆட்டினான்.

இருபத்தெட்டாம் தேதி டெஸ்ட். முடிந்ததும் எழுதுகிறேன்.

உன்,
ஸ்வெர்க்கர்


கிரான்விக்,
ஜனவரி 29

இங்கேலா,

தவறிவிட்டேன்.

மூன்று நிமிஷம் தாண்டவில்லை. முதுகில் உருளையை மாட்டியபோதே தெரிந்துவிட்டது. போன வருஷம் குண்டாக இருந்தபோது சுமந்த அதே உடுப்பு, இப்போது யாரோ மேலே ஏறி உட்கார்ந்திருப்பது போல இருந்தது. மூச்சு பரவாயில்லை, கால்தான் இல்லை. தொடை நடுங்கி, முட்டி மடங்கி, கைப்பிடியைப் பிடித்துவிட்டேன். பிடித்தால் முடிந்தது.

“இறங்கிடு” என்றான் ரூனே. வேடிக்கை எதுவும் பேசவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை.

தில்டா காரில் என்னை வீட்டில் விட்டாள். வாசலில் நிறுத்திவிட்டு, “பெருசு, இப்ப நான் உள்ள விழுந்தா நீங்க என்னைத் தூக்கிட்டு வருவீங்களா?” என்று கேட்டாள். கதவைத் திறந்துகொண்டு இறங்கிவிட்டேன்.

என்ன தப்பு செய்தேன் என்று புரியவில்லை. சொன்ன சொல் தவறாமல் பட்டினி கிடந்தேன். இன்னும் பத்து கிலோ இறக்கினால் சரியாகிவிடுமா? உனக்குத்தான் தெரியும், சொல்லு.

ஸ்வெர்க்கர்


மால்மோ,
பிப்ரவரி 5

அன்பு ஸ்வெர்க்கருக்கு,

இதை எழுத எனக்கு மூன்று நாள் பிடித்தது. ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் உன் கேள்வி. இன்னும் பத்து கிலோ இறக்காதே, முட்டாள் மனுஷா. நீ இறக்கியது வெறும் கொழுப்பு என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். காபியும் காய்ந்த ரொட்டியுமாக இருந்தால் உடம்பு கொழுப்பை மட்டும் எடுத்துச் செலவழிக்காது, சதையையும் எடுத்துத் தின்னும். உடுப்பைச் சுமக்க வேண்டிய தொடையையும் முதுகையும் நீயே சூப்பில் கரைத்துவிட்டாய். நீ இளைத்தாய், உடுப்பு இளைக்கவில்லை. நூற்றுப் பதினாலு கிலோ ஆளுக்கும் அது இருபத்து நாலுதான், தொண்ணூற்றாறு கிலோ ஆளுக்கும் அது இருபத்து நாலுதான். உன் கணக்கைக் கேட்டு ரூனே தலையாட்டினானா? அவனையும் சேர்த்து உதைக்க வேண்டும்.

இப்போது நான் சொல்வதை அப்படியே செய். உன் யோசனையைக் கலக்காதே.

சாப்பிடு. குளிர்ப்பெட்டியில் மூஸ் கறி இருக்கும், இல்லையென்றால் வேட்டைக் குழுவிடம் கேள். வேளாவேளைக்குக் கறி, மீன், முட்டை, தயிர். உருளைக்கிழங்கு கொஞ்சம், வெண்ணெய் கொஞ்சமாக. பட்டாணி சூப்புக்குப் போ. வேண்டாம் என்றால் பான்கேக்கை மட்டும் விட்டுவிடு. எடை இனி மெதுவாக இறங்கட்டும், மாதத்துக்கு ஒன்றரை கிலோ இறங்கினால் போதும்.

அதோடு தூக்கு. வாரத்தில் மூன்று நாள், நடுவில் ஒரு நாளாவது ஓய்வு. பழைய பால் பண்ணைக் கட்டிடத்தில் இருக்கும் ஜிம்முக்குப் போ. தோளில் கம்பியை வைத்து உட்கார்ந்து எழு. தரையிலிருந்து கம்பியைத் தூக்கி நிமிர். மரப்பெட்டி மேல் ஒவ்வொரு காலாக ஏறி இறங்கு. வெறும் கம்பியில் ஆரம்பி, கூச்சப்படாதே. எட்டுத் தடவை சுலபமாக வந்தால் அடுத்த முறை இரண்டரை கிலோ ஏற்று. வரவில்லையென்றால் ஏற்றாதே. ஏரியைச் சுற்றி மணிக்கணக்கில் நடப்பதை நிறுத்து. அதற்குப் பதில் தேவாலய மேட்டில் ஒரு நிமிஷம் வேகமாக ஏறு, மெதுவாக இறங்கு, மறுபடி ஏறு. முதல் வாரம் நாலு தடவை போதும்.

இனி மூன்று நாளுக்கான காரணம். நான் பேசாமல் இருந்திருந்தால் நீ மே மாதமும் தவறியிருப்பாய். பேஜர் நம் வீட்டுக்குத் திரும்பி வந்திருக்காது. நான் இருபத்தாறு வருஷமாக ஆசைப்பட்டது நான் ஒன்றும் செய்யாமலே நடந்திருக்கும். முதல் நாள் பேசாமல்தான் இருந்தேன். இரண்டாம் நாள் தில்டா கேட்ட கேள்வியை மறுபடி படித்தேன். நீ எப்படியாவது சமாளித்து அந்த ட்ரெட்மில்லை ஏமாற்றிவிட்டு, இந்த நோஞ்சான் காலோடு புகைக்குள் போய்விட்டால் என்ன ஆகும் என்ற பயமும் வந்தது. அதனால் எழுதுகிறேன். நீ பாஸ் ஆக வேண்டும் என்று நான் ஆசைப்படவில்லை, ஸ்வெர்க்கர். அதை மறைக்க எனக்குத் தெரியாது. ஆனால் தெரிந்ததைச் சொல்லாமல் இருக்கவும் தெரியவில்லை.

சரியாகச் செய்.

இங்கேலா


கிரான்விக்,
மார்ச் 17

அன்புள்ள இங்கேலா,

உன் பிப்ரவரிக் கடிதத்துக்கு உடனே பதில் எழுதாததற்கு மன்னித்துக்கொள். முதல் இரண்டு வாரம் பேனா பிடிக்கக் கை வரவில்லை, விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கழிப்பறையில் உட்கார்ந்தால் எழுந்திருக்கச் சுவரைப் பிடிக்க வேண்டியிருந்தது.

பால் பண்ணை ஜிம்மில் செவ்வாய்க்கிழமை யார் வருகிறார்கள் தெரியுமா? தேவாலயப் பாடகர் குழுவின் பெண்கள், எல்லாம் அறுபத்தைந்துக்கு மேல். நான் வெறும் கம்பியைத் தோளில் வைத்து நடுங்கிக்கொண்டிருந்தபோது அதில் ஒருத்தி பக்கத்துக் கம்பியில் இரண்டு பக்கமும் எடை வட்டு மாட்டி உட்கார்ந்து எழுந்தாள். “முட்டிய உள்ள விடாதீங்க, வெளிய தள்ளுங்க. இங்கேலாதான் எங்களுக்குச் சொல்லிக்குடுத்தா” என்றாள். நீ இவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது எனக்கு இத்தனை நாள் தெரியாது. செவ்வாய்க்கிழமை நான் எப்போதும் நிலையத்தில் இருப்பேன் இல்லையா.

தில்டா வெள்ளிக்கிழமை கூட வருகிறாள். ஒவ்வொரு தடவை வட்டு ஏற்றும்போதும், “நான் எழுபது கிலோ, பெருசு. உடுப்போட தொண்ணூத்தி நாலு. இன்னும் ஏத்துங்க” என்கிறாள். போன வாரம் தரையிலிருந்து தொண்ணூறு தூக்கி நிமிர்ந்தேன். அவள் கைதட்டவில்லை, “இன்னும் நாலு பாக்கி” என்றாள்.

ஒரு விஷயம் என்னைப் பயமுறுத்தியது. மூன்று வாரமாகக் கொக்கியில் முள் அசையவே இல்லை. சாப்பிடச் சொல்லி என்னைக் கெடுத்துவிட்டாய் என்று உன்னைத் திட்டிக்கூட விட்டேன். பிறகு பார்த்தால் இடுப்பு வாரில் புதிதாக ஓட்டை போட வேண்டியிருந்தது. எடை அப்படியே இருக்க, வயிறு மட்டும் எங்கே போனது என்று மர ஆலையில் ஒருவனும் நம்பவில்லை. அப்புறம் போன சனிக்கிழமை கொக்கியில் தொங்கியவன், எடை பார்த்ததும் இறங்காமல் தாடை கைக்கு வரும்வரை மேலே ஏறினேன். அங்கே இருந்தவர்கள் சிரிக்கவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். போன ஞாயிறு வண்டியை எடுத்துக்கொண்டு மேற்கே மலைப்பக்கம் போனேன். இரண்டரை மணி நேரம். நீ பத்து வருஷமாகப் போகலாம் போகலாம் என்று சொன்ன அந்த ஏரி. பனிக்கட்டியில் துளை போட்டு உட்கார்ந்தேன். மீன் ஒன்றுதான் கிடைத்தது, அதுவும் சின்னது. நேரம் என்ன என்று யாரும் கேட்கவில்லை. வெயில் முகத்தில் அடித்தது. பக்கத்தில் இன்னொரு மடக்கு நாற்காலி போடலாம் போல இருந்தது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதத்தையே ஆரம்பித்தேன், இவ்வளவு தூரம் வந்துவிட்டது.

தேவாலய மேடு இப்போது எட்டுத் தடவை. அடுத்து என்ன?

உன்,
ஸ்வெர்க்கர்


மால்மோ,
ஏப்ரல் 8

என் அன்பு ஸ்வெர்க்கருக்கு,

உன் கடிதத்தை வேலைக்கு எடுத்துக்கொண்டு போய் மதியம் பெஞ்சில் உட்கார்ந்து படித்தேன். பாடகர் குழுப் பெண்கள் பகுதியில் சத்தமாகச் சிரித்துவிட்டேன். இடுப்பு மாற்றிய ஒரு கிழவர், “யார் எழுதினது?” என்றார். “என் வீட்டுக்காரர்” என்றேன். அப்படிச் சொல்லி ரொம்ப நாள் ஆகிறது.

முள் அசையாததற்குப் பயப்படாதே. கொழுப்பு இறங்குகிறது, சதை ஏறுகிறது, முள்ளுக்கு இரண்டும் ஒன்றுதான். அளவுநாடாவை நம்பு.

அடுத்து என்ன என்று கேட்டாய். இந்த வாரம் எல்லாவற்றிலும் பாதி எடைதான் தூக்க வேண்டும். வேண்டா வெறுப்பாகவாவது செய். எடையை ஏற்றிக்கொண்டே போனால் ஒருநாள் எங்காவது சதை பிடித்துக்கொள்ளும். அதற்கடுத்த வாரத்திலிருந்து தூக்குவதைக் குறைவான தடவை, கூடுதல் எடை என்று மாற்று. மேட்டில் ஏறும்போது ரூனேயிடம் பழைய உருளை ஒன்றைக் கேட்டு முதுகில் மாட்டிக்கொள். முதலில் ஒரு நிமிஷம், பிறகு இரண்டு, பிறகு மூன்று. உன் உடம்புக்கு உடுப்பு பழக வேண்டும். டெஸ்டுக்கு முந்திய நாலு நாள் ஒன்றும் செய்யாதே. தூங்கு.

அந்த ஏரியைப் பற்றி நீ எழுதியதை எத்தனை தடவை படித்தேன் என்று சொல்ல மாட்டேன், உனக்குத் தலை கனத்துவிடும். இந்தக் குளிர்காலத்தில் உன்னை எனக்கு மறுபடி பிடித்திருக்கிறது. எழுதிவிட்டேன், இனி அந்த வரியை அடித்துத் திருத்தப் போவதில்லை.

அதனால் நேராகவே கேட்கிறேன், நீயும் நேராகப் பதில் சொல்லு. ஜூனில் நடுக்கோடைத் திருநாளுக்கு இங்கே வருவாயா? அக்காவும் அத்தானும் அப்போது ஊரில் இருக்க மாட்டார்கள், வீடு நம்முடையது. பிறகு இரண்டு பேருமாக ரயிலில் டென்மார்க் போய், அங்கிருந்து எங்கே தோன்றுகிறதோ அங்கே. மூன்று வாரம். உனக்கு விடுமுறை இருக்கிறது. இருபத்தாறு வருஷத்தில் நாம் சேர்ந்தாற்போல் மூன்று வாரம் எங்கும் போனதில்லை. போய்ப் பார்த்தால், இந்த ஒரு வருஷத்துக்குப் பிறகு நான் என்ன செய்வது என்று எனக்கே தெரிந்துவிடும் என்று நினைக்கிறேன்.

நீ பாஸ் ஆனாலும் ஆகாவிட்டாலும் இந்தக் கேள்வி இருக்கிறது.

அன்புடன்,
இங்கேலா


கிரான்விக்,
மே 22

அன்புள்ள இங்கேலா,

பாஸ்.

ஆறு நிமிஷமும் நடந்தேன். நாலாவது நிமிஷத்தில் கைப்பிடியைப் பார்த்தேன், அது பக்கத்திலேயே இருந்தது, வேண்டியிருக்கவில்லை. முடிந்ததும் ரூனே, “இன்னும் ஒரு நிமிஷம் போறியா?” என்று வேடிக்கையாகக் கேட்டான், போனேன். எடை எண்பத்தொன்பது. தில்டா என் தொடையைத் தட்டிப் பார்த்து, “இப்ப விழுந்தாலும் பயமில்ல பெருசு” என்றாள். அன்று சாயங்காலமே அவளை முழு உடுப்போடு தோளில் போட்டு நிலையத்தின் முற்றத்தைச் சுற்றி வந்தேன். இறக்கிவிடுங்கள் என்று அவள்தான் கத்தினாள்.

இதெல்லாம் உன்னால். நீ எழுதியதை அப்படியே செய்தேன், என் யோசனை எதையும் கலக்கவில்லை.

உன் ஏப்ரல் கேள்விக்குப் பதில் எழுதாமல் இத்தனை நாள் தள்ளிப் போட்டது டெஸ்ட் முடியட்டும் என்றுதான். வருவதாகத்தான் இருந்தேன். ரயில் நேரமெல்லாம் பார்த்து வைத்திருந்தேன். இப்போது நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ரூனே அலமாரியைத் திறந்து பேஜரை எடுத்துக் கொடுத்தான். சுவரில் முறைப் பட்டியலைப் பார்த்துவிட்டு, “உன் முதல் வாரம் நடுக்கோடை வாரம்டா. மாத்தணுமா? இப்பவே சொல்லு, மாத்திடலாம்” என்றான்.

“வேணாம்” என்றேன்.

யோசித்துச் சொல்லவில்லை, இங்கேலா. அவன் கேட்டு முடிப்பதற்குள் சொல்லிவிட்டேன். பேஜரை வாரில் மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்து, வாசலில் காலணியைக் கழற்றக் குனிந்தபோதுதான் உன் கேள்வி ஞாபகம் வந்தது. அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன்.

மாற்ற இப்போதும் முடியும். ரூனே ஒன்றும் சொல்ல மாட்டான். நீ சொன்னால் நாளைக்கே மாற்றிவிட்டு வருகிறேன். இல்லையென்றால் நீ இங்கே வாயேன், திருநாளுக்கு. பூச்சுற்றிய கம்பம் நடுவதற்கு எல்லோரும் இருப்பார்கள். பாடகர் குழுப் பெண்கள் வாராவாரம் உன்னை விசாரிக்கிறார்கள். என் வாரம் முடிந்ததும் அந்த ஏரிக்குப் போகலாம். இரண்டு நாற்காலி வாங்கி வைத்திருக்கிறேன்.

வா, இங்கேலா. வீடு காத்திருக்கிறது என்றெல்லாம் எழுத எனக்கு வராது. நான்தான் காத்திருக்கிறேன்.

உன்,
ஸ்வெர்க்கர்


மால்மோ,
ஜூன் 3

அன்பு ஸ்வெர்க்கருக்கு,

பாஸ் ஆனதற்கு என் வாழ்த்துகள். மனதாரச் சொல்கிறேன். முதல் வார்த்தையைப் படித்ததும் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன், அக்கா பயந்துபோய் என்ன என்றாள். எனக்குச் சந்தோஷம் வரும் என்று நான் நினைக்கவில்லை, வந்தது.

மாற்ற வேண்டாம். வாரத்தை அப்படியே வைத்துக்கொள். நானும் வரவில்லை.

கோபமா என்று கேட்பாய். இல்லை. ரூனே கேட்டதையும் நீ சொன்னதையும் எழுதாமல் விட்டிருக்கலாம். ‘நடுக்கோடை வாரம் என் தலையில் விழுந்துவிட்டது, என்ன செய்வது’ என்று எழுதியிருந்தால் நான் நம்பியிருப்பேன். இந்நேரம் பெட்டியை எடுத்துக்கொண்டு ரயில் ஏறியிருப்பேன். நீ உள்ளதை உள்ளபடி எழுதினாய். அதற்காக உன் மேல் எனக்கு மரியாதை கூடியிருக்கிறது. ஆனால் அதைப் படித்த பிறகு ரயில் ஏற முடியவில்லை.

நான் சொல்லி நீ மாற்றலாம். அடுத்த வருஷமும் நான் சொல்லி மாற்றுவாய், அதற்கடுத்த வருஷமும். ஒவ்வொரு தடவையும் நான் கேட்டு, நீ விட்டுக்கொடுத்து, பக்கத்து ஊர் வண்டிக்காக யாராவது காத்திருந்து செத்துப்போனால் அதை இரண்டு பேரும் சுமக்க வேண்டும். நீ ரூனேயிடம் வேண்டாம் என்று சொன்னது தப்பு இல்லை. நீ அப்படித்தான். யாராவது உள்ளே மாட்டிக்கொண்டால் உன்னைப் போல யோசிக்காமல் கிளம்பும் ஆள்தான் அந்த ஊருக்கு வேண்டும். எனக்கு வேண்டியது வேறு ஆள். குளிர்காலம் முழுக்க எனக்குக் கடிதம் எழுதியவர் அவர்தான், பேஜர் இல்லாத ஸ்வெர்க்கர். அவரோடு ஆறு மாதம் இருந்தது எனக்கு நிறைவாக இருந்தது. இதை எழுதும்போது அழுகிறேன், ஆனாலும் இதுதான் சரி என்று தெரிகிறது.

விவாகரத்துக்கு வேண்டிய காகிதங்களை ஆகஸ்டில் அனுப்புகிறேன், கையெழுத்துப் போட்டுவிடு. வீட்டை நீயே வைத்துக்கொள், நிலையத்துக்குப் பக்கம். இதைப் பற்றி வாதாடிக் கடிதம் எழுதாதே. வேறு எதைப் பற்றியும் எழுது, பதில் போடுவேன்.

இனி முக்கியமான விஷயம். டெஸ்ட் முடிந்ததும் எல்லோரும் நிறுத்திவிடுவார்கள், இலையுதிர் காலத்துக்குள் எல்லாம் போய்விடும். நீ நிறுத்தக்கூடாது. எடையை இனி இறக்காதே, எண்பத்தொன்பது போதும், நன்றாகச் சாப்பிடு. வாரத்தில் இரண்டு நாள் கட்டாயம் தூக்கு. மாதத்துக்கு ஒருமுறை வட்டு ஏற்றப் பார், முடியாத மாதம் பேசாமல் இரு, அறுபதை நெருங்குகிறாய். மேட்டில் உருளையோடு வாரம் ஒரு நாள் போதும். தில்டாவை மாதம் ஒருமுறை தோளில் தூக்கி முற்றத்தைச் சுற்றி வா, அவள் கத்தினால் கத்தட்டும்.

கம்பியைத் தூக்கும்போது ஒருபோதும் கடைசித் தடவை வரை போகாதே. இன்னும் இரண்டு தடவை தூக்கலாம் என்னும்போதே இறக்கி வைத்துவிடு. உள்ளே போகிறவன் திரும்பி வருவதற்கும் கொஞ்சம் மீதி வைத்திருக்க வேண்டும், ஸ்வெர்க்கர். நீ திரும்பி வர வேண்டும். வந்து நிற்கிற வீட்டில் நான் இல்லையென்றாலும் வர வேண்டும்.

என்றும் உன் நலத்தில் அக்கறையுள்ள,
இங்கேலா